எண்களில் பொய் இல்லை

சூப்பர்மார்க்கெட் ரேக்கில் ஒரே நிறுவனத்தின் இரண்டு ரவைப் பொட்டலங்கள் அடுத்தடுத்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று 500 கிராம், விலை 28 ரூபாய். மற்றது 900 கிராம், விலை 58 ரூபாய். அதன் நெற்றியில் ‘ஃபேமிலி பேக்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. வாதத்துக்காக நான் அமைத்த எண்கள்தான் இவை. பெரிய பொட்டலம் என்றால் மலிவாகத்தான் இருக்கும் என்ற பழக்கத்தில் கை அதை நோக்கிப் போகிறது. ஆனால் கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் சின்னப் பொட்டலம் 56 ரூபாய், பெரியது 64 ரூபாய் 44 காசு. குடும்பத்துக்கென்று வாங்கியவர்தான் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். இதில் எடையில் குறைவில்லை, விலையில் மறைப்பில்லை, அச்சில் பிழையில்லை. ‘ஃபேமிலி பேக்’ என்பதும் பொய்யல்ல. குடும்பங்கள் அதைத்தானே வாங்குகின்றன. எழுதியிருப்பது ஒவ்வொன்றும் உண்மை. இருந்தும் வாங்கியவர் மனதில் ஒரு பொய் உட்கார்ந்துவிட்டது. அந்தப் பொய்யை அங்கே வைத்தது யார்? யாருமே பொய் சொல்லாதபோது நடந்ததற்கு என்ன பெயர்? நுகர்வோர் பக்கத்தில் ஒரு மூலையில் எழுதி ஒதுக்கிவிடக்கூடிய சங்கதிபோலத் தெரிந்தாலும், அறநூல்களும் சமயங்களும் பல நூற்றாண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி இது.

முதலில், இதைப் பொய் என்று நிரூபிக்க முயல்வது தோற்கிற வழக்கு என்பதை ஒப்புக்கொண்டுவிடலாம். பொய் என்றால் இல்லாததை உண்டென்று அறிந்தே சொல்வது. சொல்லாமலே ஒருவரைத் தவறாக நினைக்க வைக்க முடியும் என்பதை இம்மானுவேல் கான்ட் தம் அறவியல் வகுப்புகளில் ஓர் உதாரணத்தால் காட்டினார். நான் என் பெட்டியைக் கட்டுகிறேன். பார்ப்பவர்கள் நான் ஊருக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி நினைக்கட்டும் என்பதுதான் என் எண்ணமும். ஆனாலும் நான் பொய் சொன்னவனாக மாட்டேன், ஏனென்றால் நான் எதையும் அறிவிக்கவில்லை என்கிறார் கான்ட். பொய்யில் அவ்வளவு கண்டிப்பான மனிதர் இவ்வளவு விட்டுக்கொடுத்திருப்பது வியப்புதான். பொட்டலம் கட்டும் நிறுவனத்தின் வழக்கறிஞர் இதைவிட நல்ல சாட்சியைத் தேட வேண்டியதில்லை. வள்ளுவர் வாய்மைக்குத் தரும் இலக்கணத்தில், சொன்னது நடந்ததோடு பொருந்துகிறதா என்பதைவிட அதனால் தீமை விளையாதிருக்கிறதா என்பதே முன்னால் நிற்கிறது. அந்த அளவுகோலை வைத்து நிறுவனத்தை மடக்கலாம். ஆனால் ‘இதில் என்ன தீமை, எட்டு ரூபாய்தானே’ என்ற பதிலோடு பேச்சு வேறு பக்கம் போய்விடும். எனவே பொய் என்ற தலைப்பையே விட்டுவிட்டு, இந்தக் காரியத்தை வேறொரு தலைப்பின் கீழ் வைத்துப் பார்ப்போம்.

அப்படி வேறொரு தலைப்பின் கீழ் வைத்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். சமணத்தின் தத்துவார்த்த சூத்திரம் இல்லறத்தாரின் விரதங்கள் ஒவ்வொன்றுக்கும் அதைக் கறைப்படுத்தும் குற்றங்களைப் பட்டியலிடுகிறது. குறைத்தும் கூட்டியும் அளக்கும் அளவைகளை அது வாய்மை விரதத்தின் கீழ் வைக்கவில்லை. கள்ளாமை விரதத்தின் கீழ் வைக்கிறது. திருடனுக்குத் துணைபோவது, திருட்டுப் பொருளை வாங்குவது ஆகியவற்றோடு ஒரே வரிசையில் அளவைக் குற்றமும் வருகிறது. வணிகத்தை உள்ளிருந்து அறிந்த சமூகம் செய்த வகைப்பாடு என்பதால் இதற்குத் தனி மதிப்புண்டு. யூதச் சட்ட மரபு இன்னும் ஒரு படி மேலே போய், ‘மனதைத் திருடுதல்’ என்று ஒரு குற்றத்துக்கே பெயர் வைத்திருக்கிறது. பணம் கைமாறாவிட்டாலும், பிறர் மனதில் தவறான எண்ணத்தை உண்டாக்கி அதன் பயனை எடுத்துக்கொள்வது களவுதான் என்பது தால்முத் கால ரபிகளின் கருத்து. அந்த மரபின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் உடைத்த அவரையைப் பற்றி ஒரு விவாதம் வருகிறது. அவரையைப் புடைத்துச் சுத்தம் செய்து விற்கலாமா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு. ஆனால் தொட்டியின் மேற்பரப்பில் இருப்பதை மட்டும் புடைத்து வைக்கக் கூடாது என்பதில் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள். அது கண்ணை ஏமாற்றுவது. அந்த மேல்பரப்பு அவரை உண்மையிலேயே சுத்தமானதுதான். பொய் அங்கேயும் இல்லை.

இஸ்லாமிய மரபிலும் இதே காட்சி உண்டு. நபிகள் நாயகம் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விடுகிறார். விரலில் ஈரம் படுகிறது. மழையில் நனைந்துவிட்டது என்கிறார் வியாபாரி. நனைந்ததை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று கடுமையாகச் சொல்லிவிடுகிறார். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குவியலுக்குள் கைவிட்டுப் பார்க்க யாருக்கும் தடை இல்லை. நபிகளே அப்படித்தான் கண்டுபிடித்தார். ‘வாங்குகிறவர் கைவிட்டுப் பார்த்திருக்கலாமே’ என்று அந்த வியாபாரி சொல்லியிருக்கலாம். அந்தச் சமாதானம் அங்கே எடுபடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இன்று அதே சமாதானம் ‘எல்லாம் பொட்டலத்திலேயே போட்டிருக்கிறதே’ என்ற உருவில் வந்து மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது.

சரி, களவு என்றால் களவுபோன பொருள் எது? கிலோவுக்கு எட்டு ரூபாய் நாற்பத்து நான்கு காசு என்று சொல்லிவிடலாம். ஆனால் அது விளைவு. எடுக்கப்பட்டது ஒப்பிடும் திறன். இதைப் புரிந்துகொள்ள, அளவைக் குற்றத்தைப் பற்றிப் பழைய நூல்கள் எதைக் கண்டித்தன என்று கூர்ந்து பார்க்க வேண்டும். அவை வெறுமனே குறைந்த எடையைக் கண்டிக்கவில்லை. இரண்டு அளவைகளைக் கண்டிக்கின்றன. பைக்குள் பெரிய எடைக்கல் ஒன்று, சிறிய எடைக்கல் ஒன்று என்று இரண்டு வகை வைத்திருக்கக் கூடாது என்கிறது விவிலியத்தின் உபாகமம். குர்ஆனில் அளவில் மோசடி செய்பவர்களின் பெயரையே தாங்கிய 83ஆம் அத்தியாயம், அந்த மோசக்காரர்களை அடையாளம் காட்டும் விதம் நுட்பமானது: பிறரிடமிருந்து அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொள்வார்கள், பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்பார்கள். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும்போதும் இதே இரட்டைப் பார்வைதான். கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாதவர்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காதவர்கள் என்று இரு கைகளையும் சேர்த்தே புகழ்கிறது. வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் வணிகத்துக்குச் சொல்லும் ஒரே நிபந்தனை, பிறர் பொருளையும் தம்முடையதுபோலப் பேண வேண்டும் என்பது. பாலஸ்தீனம், அரபுப் பாலைவனம், காவிரிக் கழிமுகம் என்று தூர தூரமாக இருந்த இடங்களில் எழுந்த நூல்கள் ஒரே இடத்தில் விரலை வைக்கின்றன. தனக்கு ஓர் அளவு, எதிரில் நிற்பவருக்கு ஓர் அளவு. குற்றத்தின் வேர் அங்கே இருக்கிறது.

இந்தச் சோதனையை இன்றைய பொட்டலத் தொழிலுக்கு வைத்துப் பார்ப்போம். ஒரு பிஸ்கட் நிறுவனம் கோதுமை மாவை எப்படி வாங்குகிறது? டன்னுக்கு இவ்வளவு என்று வாங்குகிறது. சர்க்கரையைக் குவிண்டால் விலையில், பாமாயிலை டன் விலையில். ஒரு வியாபாரி வந்து ‘எங்களிடம் 47 கிலோ சிப்பம் ஒன்று இருக்கிறது, 53 கிலோ சிப்பம் ஒன்று இருக்கிறது, இரண்டுக்கும் தனித்தனி விலை, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்’ என்றால் கொள்முதல் பிரிவு அவரை வாசலோடு அனுப்பிவிடும். அட்டைப்பெட்டி, நெகிழித்தாள், லாரி வாடகை, மின்சாரம் எல்லாமே ஒரு பொது அலகின் விலையில்தான் அந்த நிறுவனத்துக்குள் வருகின்றன. சூப்பர்மார்க்கெட்டும் அப்படித்தான், எந்தப் பொட்டலத்தில் எவ்வளவு லாபம், ரேக்கின் ஓர் அடி இடத்துக்கு எவ்வளவு வரும்படி என்று அதற்குத் துல்லியமாகத் தெரியும். வாங்கும்போது கிலோக் கணக்கு, விற்கும்போது பொட்டலக் கணக்கு. உள்ளே 56க்கும் 64க்கும் உள்ள வித்தியாசம் அச்சடித்த அறிக்கையாக மேசைமேல் இருக்கிறது; வெளியே அதே வித்தியாசம் 500, 900, 28, 58 என்ற நான்கு எண்களாகக் கலைக்கப்பட்டு அலமாரியில் நிற்கிறது. பையிலுள்ள பெரிய கல்லும் சிறிய கல்லும் இவைதாம். கல் இரண்டும் சரியான எடை என்று சான்றிதழ் காட்டினாலும், எதை யாருக்கு எடுத்து வைப்பது என்பதில் இருக்கிறது மோசம்.

இங்கே தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை நினைத்துக்கொள்ள வேண்டும். முதலாம் இராசராசன் காலத்தில், 1010ஆம் ஆண்டையொட்டிய அந்தக் கல்வெட்டுகள், கோயிலுக்கு வரும் நெல்லை ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளந்ததாகச் சொல்கின்றன. அது ‘இராசகேசரி’ மரக்காலுக்கு ஒப்பானது என்று இணையும் சொல்கின்றன. பொன்னை நிறுத்த கல்லுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். நவமணிகளை நிறுத்த கல்லுக்குத் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்று பெயர். ஆடவல்லான் கூத்தாடும் சிவன். இராசகேசரி சோழ மன்னர்களின் பட்டம். தெய்வத்தின் பெயரையும் அரசின் பெயரையும் ஒரு மரக்காலுக்கு வைப்பது வெறும் பக்தியலங்காரம் என்று எனக்குத் தோன்றவில்லை. அளவை அளப்பவனுக்குச் சொந்தமானதல்ல என்பது அதில் அடங்கியிருக்கிறது. நெல் உழுதவனுடையதாக இருக்கலாம், வணிகனுடையதாக இருக்கலாம், கோயிலுடையதாக இருக்கலாம். மரக்கால் இவர்களில் ஒருவருடையதாக இருக்கக் கூடாது. இந்தக் கோயிலுக்கு வெளியே ஊருக்கு ஊர் அளவைகள் வேறுபட்டிருந்தன என்பதும், அதில் ஏமாந்தவர்கள் ஏராளம் என்பதும் உண்மையே. அதனால்தானே ‘எந்த மரக்கால்’ என்று கல்லில் வெட்டி வைக்க வேண்டியிருந்தது.

சுதந்திர இந்தியாவும் ஒரு காலம் வரை இந்த நினைப்பில்தான் இருந்தது. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகளில் இரண்டாம் அட்டவணை என்று ஒன்று இருந்தது. பிஸ்கட், டீத்தூள், காபித்தூள், சமையல் எண்ணெய், உப்பு, சோப்பு உட்பட 19 வகைப் பொருள்களை இன்னின்ன அளவுகளில்தான் அடைக்க வேண்டும் என்று அது வரையறுத்தது. 2021 நவம்பரில் அறிவித்த திருத்தம் அந்த அட்டவணையை நீக்கிவிட்டு, நிறுவனம் விரும்பிய அளவில் அடைத்துக்கொள்ள அனுமதித்தது. ஈடாக, ஒவ்வொரு பொட்டலத்திலும் அலகு விலையை அச்சிட வேண்டும் என்றது. சில ஒத்திவைப்புகளுக்குப் பிறகு அது நடைமுறைக்கு வந்தது. கேட்பதற்கு நியாயமான பரிமாற்றம்: அளவைச் சுதந்திரத்தை நிறுவனத்துக்குக் கொடுத்து, ஒப்பிடும் வசதியை வாங்குபவருக்குக் கொடுப்பது. ஆனால் விதியின் வாசகத்தைப் பாருங்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராமுக்கு விலை போட வேண்டும். ஒரு கிலோவுக்கு மேற்பட்டதில் கிலோவுக்கு விலை போட வேண்டும். ரூபாயில் இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்க வேண்டும். நம் ரவைக்கு வருவோம். 500 கிராம் பொட்டலத்தில் கிராமுக்கு 0.056 ரூபாய், முழுமையாக்கினால் 0.06. 900 கிராம் பொட்டலத்தில் 0.0644; முழுமையாக்கினால் அதுவும் 0.06. கிலோவுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் வித்தியாசமுள்ள இரண்டு பொட்டலங்களும் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து ஒரே எண்ணைக் காட்டுகின்றன. பொதுவாகச் சொன்னால், கிலோ 55 ரூபாய் முதல் கிட்டத்தட்ட 65 ரூபாய் வரை எல்லாமே 0.06தான். மிளகு, ஏலக்காய்போல விலை உயர்ந்த சரக்கில் இந்தப் பிழை பொருட்டில்லை. ஏழை எளியவர் கிலோக்கணக்கில் வாங்கும் மாவு, ரவை, உப்பு ஆகியவற்றில்தான் அளவுகோலின் கோடுகள் அழிந்துபோகின்றன. இது யாரும் திட்டமிட்டுச் செய்த சூழ்ச்சி என்று நான் சொல்லவில்லை. கவனக்குறைவாகவே இருக்கட்டும். ஆனால் அந்தக் கவனக்குறைவின் பலன் தவறாமல் ஒரு பக்கத்துக்கே போகிறது.

இதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. பொட்டலத்தில் அச்சாகும் அலகு விலை எம்.ஆர்.பி.யிலிருந்து கணக்கிட்டது. சூப்பர்மார்க்கெட்டில் எம்.ஆர்.பி.க்கு விற்பதே அபூர்வம், எம்.ஆர்.பி. இவ்வளவு, எங்கள் விலை இவ்வளவு, இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம், உறுப்பினர் அட்டைக்குத் தனி விலை. இத்தனையும் சேர்ந்த பிறகு பொட்டலத்து அலகு விலை எதற்கும் உதவாத எண். கடையின் ரேக்கில் ஒட்டும் விலைச்சீட்டைப் பற்றி அந்த விதி பேசவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 1998லேயே, விற்கும் விலையோடு ஒரு கிலோ அல்லது ஒரு லிட்டருக்கான விலையையும் கடையில் காட்ட வேண்டும் என்று கட்டளையிட்டது. ஆஸ்திரேலியாவில் 2009 முதல் பெரிய மளிகைக் கடைகளுக்கு அலகு விலை விதிமுறை இருக்கிறது. பிரான்ஸ் 2024 ஜூலை முதல், 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகளில், விலையைக் குறைக்காமல் அளவைக் குறைத்த பொருளுக்கு அருகே அந்தச் செய்தியை இரண்டு மாதம் எழுதி வைக்க வேண்டும் என்கிறது. அங்கெல்லாம் ஏமாற்று ஒழிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஒப்பிடும் வேலையை யார் செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அந்த நாடுகள் தந்த பதில் விற்பவர் என்பது.

இனி எதிர்வாதங்கள். அவற்றில் முதன்மையானது, கைபேசியில் கணக்குப்பொறி இருக்கிறதே, கணக்குப் போட்டுப் பார்க்காதது வாங்குபவரின் சோம்பல்தானே என்பது. வாங்குபவருக்கும் பொறுப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒருவருடைய கவனக்குறைவு இன்னொருவருக்கு உரிமை தருவதில்லை. கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கியவர் அசட்டையானவர்தான். உள்ளே நுழைந்தவர் அதனால் விருந்தாளி ஆகிவிடுவதில்லை. தவிர, இங்கே கதவு தானாகத் திறந்து கிடக்கவில்லை. ஐம்பது பொருள் எழுதிய பட்டியலோடு, இடுப்பில் குழந்தையோடு, கடை மூடும் நேரத்துக்கு முன் வருகிறவருக்கு ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று வகுத்தல் கணக்குப் போட நேரமிருக்காது என்று விற்பவருக்குத் தெரியும். தெரிந்துதான் 1 கிலோ இருந்த இடத்தில் 900ம், 500 இருந்த இடத்தில் 450ம் வந்து நிற்கின்றன. பழைய அளவுகளில் மனக்கணக்கு ஓடும், புதியவற்றில் ஓடாது.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. தன் லாபத்துக்குப் பாதகமான எல்லாவற்றையும் விற்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமென்றால் வியாபாரமே நடக்காது என்பது அது. கிறிஸ்துவுக்கு முன் 44ஆம் ஆண்டில் சிசரோ தம் மகனுக்கு எழுதிய கடமைகள் பற்றிய நூலில் இந்த வாதத்தை மிக நேர்மையாக எடுத்துவைக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து ஒரு வணிகன் தானியக் கப்பலோடு வந்து சேர்கிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவதை அவன் கடலில் பார்த்திருக்கிறான். அதைச் சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா? ஸ்டோயிக் மரபைச் சேர்ந்த பாபிலோனிய டயோஜெனஸ் தேவையில்லை என்கிறார். சட்டம் கேட்கும் குறைகளைச் சொன்னால் போதும், சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு. அவருடைய மாணவர் ஆன்டிபாட்டர் மறுக்கிறார். மனித குலத்தின் நன்மைக்காகப் பிறந்தவன் நீ, உனக்குத் தெரிந்ததைப் பசித்திருப்பவனிடம் எப்படி மறைப்பாய் என்கிறார். சிசரோ மாணவர் பக்கம் சாய்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இதைப்போன்ற வழக்கை எடுத்து, நீதியின்படி அந்த வணிகன் சொல்லக் கடமைப்பட்டவன் அல்லன், சொன்னால் அது மேலான பண்பு என்று நடுவழியில் நிற்கிறார். என் வாதத்துக்கு ஆன்டிபாட்டர் தேவையே இல்லை. டயோஜெனஸ் சொல்வதை முழுசாக ஏற்றுக்கொண்டாலும் பொட்டலக்காரர் தப்ப முடியாது. ரோட்ஸ் வணிகன் ஒரு செய்தியைச் சொல்லாமலிருந்தான். கப்பல்கள் தாமாக வந்துகொண்டிருந்தன, கடலில் பனிமூட்டத்தை அவன் உண்டாக்கவில்லை. இங்கே மூட்டத்தை உண்டாக்குவதே விற்பவர்தான். ஒப்பிட எளிதாக இருந்த அளவுகளை ஒப்பிட முடியாதவையாக அவரே மாற்றுகிறார். டயோஜெனஸ் மௌனத்துக்காக வாதாடினார். இது மௌனமே அல்ல. கான்ட்டின் பெட்டியும் இங்கே கைவிட்டுவிடும். பெட்டி கட்டுபவர் பார்ப்பவரிடம் எதையும் அறிவிக்கவில்லை. விலைச்சீட்டோ வாங்குபவரை நோக்கிச் செய்யப்படும் அறிவிப்பு, அதை நம்பித்தான் அவர் பணத்தை எடுக்கிறார்.

மூன்றாவது, ஏழைகளின் பெயரால் வரும் எதிர்வாதம். தினக்கூலிக்காரர் கையில் ஐந்து ரூபாய் நாணயம்தான் இருக்கிறது. மாவு விலை ஏறினால் பிஸ்கட்டின் விலையை 5 ரூபாய் 60 காசு ஆக்க முடியாது, எடையைத்தான் குறைக்க முடியும். இது உண்மை. ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து எளியவர் கைக்கு எட்டச் செய்த முயற்சிக்கு வித்திட்டவர் நம் கடலூர் சின்னி கிருஷ்ணன். அதை ஏமாற்று என்று யாரும் சொல்ல முடியாது. சிறு பொட்டலத்துக்குத் தாளும் கூலியும் கூடுதலாவதால் கிராம் விலை சற்று ஏறுவதிலும் குற்றமில்லை. எடையைக் குறைப்பதே பாவம் என்று இந்தக் கட்டுரை எங்கும் சொல்லவில்லை. ஆனால் உறையின் உயரமும் அகலமும் அப்படியே இருக்க உள்ளே காற்று மட்டும் கூடுவதேன்? நாணயக் கணக்குக்காகத்தான் குறைத்தோம் என்றால் அதை உறையின் முகத்தில் எழுதுவதில் என்ன தயக்கம்? இன்னொன்றும் உண்டு. இந்தியக் கடைகளில் ஷாம்பூவின் சிறு பாக்கெட் பல சமயம் பாட்டிலைவிட மில்லிக் கணக்கில் மலிவு. எண்ணெயிலும் பருப்பிலும் பெரும்பாலும் நேர்மாறு. ரவையில் எப்படியும் இருக்கலாம். ஆக, பெரியது மலிவு என்றோ சிறியது மலிவு என்றோ எந்த விதியையும் அனுபவத்தால் கற்றுக்கொள்ள முடியாது. படிப்பில்லாத பாட்டியும் சந்தையில் பேரம் பேசிப் பிழைத்தது அனுபவ அறிவால். அந்த அறிவு செல்லாக்காசாகும் இடத்தில் முதலில் அடிபடுவது, யாரைக் காட்டி இந்த வாதம் வைக்கப்படுகிறதோ அதே ஏழைதான்.

கடைசியாக, போகட்டும் விடுங்கள், சில காசுதானே என்பது. கௌடில்யரும் வணிகர்களிடமிருந்து மக்களைக் காப்பது பற்றிப் பேசும்போது எடையில் மிகச் சிறிய வேறுபாட்டை மன்னிக்கிறார். அதைத் தாண்டினால் அபராதத்தை ஏற்றிக்கொண்டே போகிறார். இன்றைய சட்டமும் அனுமதிக்கத்தக்க பிழை என்று ஒன்றை வைத்திருக்கிறது. பிழைக்கு ஒரு குணம் உண்டு. அது ஒரு நாள் வாங்குபவருக்குச் சாதகமாகவும் விழும், ஒரு நாள் விற்பவருக்குச் சாதகமாகவும் விழும். எப்போதும் ஒரே பக்கம் சாய்கிற தராசைப் பிழை என்று மன்னிக்க முடியாது. விவிலியத்தின் ஆமோஸ் தீர்க்கதரிசி கண்டித்த வணிகர்களும் மரக்காலைச் சற்றே சிறிதாக்கி, எடைக்கல்லைச் சற்றே பெரிதாக்கினவர்கள்தாம், கொள்ளைக்காரர்களைப்போல வழிமறிக்கவில்லை. ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று காத்திருந்த பக்திமான்கள் அவர்கள். ஆமோஸின் கோபம் அவ்வளவு உக்கிரமாக இருந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

நிறுவனங்கள் தரப்பில் நியாயமாக ஒன்று சொல்லப்படுகிறது. அதற்கு மட்டும் நான் செவிசாய்க்கிறேன். கிலோவைக் கிலோவாகவே வைத்துக்கொண்டு விலையை ஏற்றிய நிறுவனம் ரேக்கில் விலை கூடியதாகத் தெரியும். 900 கிராமாகக் குறைத்த போட்டியாளர் மலிவாகத் தெரிவார். நேர்மையானவர் தோற்பார். ஆகவே தனியொரு நிறுவனத்தின் மனசாட்சியை மட்டும் நம்பியிருப்பது வீண். மரக்காலுக்கு ஆடவல்லான் பெயரும் இராசகேசரிப் பெயரும் தேவைப்பட்டதும் இதனால்தான்; எல்லோருக்கும் ஒரே அளவை என்றால் நேர்மைக்கு நஷ்டமில்லை. மத்திய அரசு அந்த விதியில் செய்ய வேண்டிய திருத்தம் இரண்டு வரிக்கு மேல் போகாது: கிராம் விலையை எடுத்துவிட்டு எந்தப் பொட்டலமானாலும் கிலோவுக்கும் லிட்டருக்கும் விலை போடச் சொல்வது, கடையில் உண்மையாக விற்கும் விலைக்கு அதைக் கணக்கிட்டு ரேக் சீட்டில் காட்டச் சொல்வது. ஆனால் கடைக்காரர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பொட்டலத்தை நான் அடைக்கவில்லை, விலையை நான் வைக்கவில்லை என்று அவர் சொல்லலாம். ரேக் சீட்டை அச்சடிப்பது அவருடைய இயந்திரம்தான். எடையும் விற்பனை விலையும் அந்தக் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. கிலோ விலை என்று இன்னொரு வரியை அதில் சேர்த்து அச்சடிக்க எந்தச் சட்டமும் அவரைத் தடுக்கவில்லை.